செப்டிக் டேங்கில் இறங்கிய விமானம்

பழைய செப்டிக் டேங்க் இடிந்துவிட்டதால் புதிதாகக் குழி தோண்டினார்கள். நாலடி போனதும் கடப்பாரை 'ணங்' என்றது. குழி தோண்ட வந்த கொளஞ்சியப்பன் உள்ளேயிருந்து, சுண்ணாம்பு மண் கல்லாக இறுகிப் பிடித்த வட்டமான ஒன்றைத் தூக்கி மேலே வைத்தார்.

அரியலூரில் குழி தோண்டினால் கண்டதும் வரும். வேறு வீட்டுக்காரராக இருந்தால் காலால் ஓரமாக உருட்டியிருப்பார். சிவசுப்பிரமணியன் முப்பது வருஷம் விமானப் படையில் சக்கரம் மாட்டியவர். மூஞ்சியைப் பார்த்து விமானத்தை அடையாளம் சொல்வது சின்னப்பிள்ளை வேலை, காலைப் பார்த்துச் சொல்பவனே ஆள் என்பது அவர் கொள்கை. விளிம்பைத் தடவினார். கண் கலங்கினார்.

"நடுவுல பள்ளம், ரெண்டு ஓரமும் மேடு. ஓடுறப்ப வால் ஆடாம இருக்க இப்படிச் செய்வாங்க. மஸ்கிட்டோன்னு ஒரு பிளேனு, அதோட வால் சக்கரம் மச்சான். ரெண்டாம் உலக யுத்தம்."

மனைவியின் அண்ணன் அய்யாக்கண்ணு நாற்காலியில் சாய்ந்தபடி மீசையை நீவினார். "செப்டிக் டேங்குல கொசு வராம வேற என்ன வரும் மாப்ள."

பேச்சு முற்றிப் பந்தயமாகிவிட்டது. விமானம்தான் என்றால், ஜெயங்கொண்டம் பஸ்ஸே வேகம் குறைத்துப் பார்க்கும் அந்த மீசையை அய்யாக்கண்ணு எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால், கேட்டில் இருக்கும் 'சிவசுப்பிரமணியன், விமானப் படை (ஓய்வு)' பலகையைச் சிவசுப்பிரமணியன் தன் கையாலேயே கழற்ற வேண்டும். அந்தப் பலகைக்குத் தினம் இரண்டு வேளை துடைப்பு நடக்கும். அவர் பல் தேய்ப்பதுகூட ஒரு வேளைதான்.

சரித்திரப் பொருளில் தண்ணீர் படக்கூடாதென்று, சக்கரத்தைக் கழுவவிடாமல் பட்டுத் துணியில் சுற்றி பீரோவில் வைத்தார். பட்டுத் துணி என்பது மனைவி ரத்தினம்மாளின் கல்யாணப் புடவை.

மறுநாள் இன்னொரு வட்டம் வந்தது. ஒரு விமானத்துக்கு இரண்டு வால் ஏது? காபி ஆறும்வரை யோசித்துவிட்டு, சைக்கிள் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகச் சக்கரம் வைத்த விமானமும் உண்டு என்றார். மாலைக்குள் ஐந்தாகிவிட்டது. இறக்கையைத் தேடிக் குழியை அகலப்படுத்தினார்கள். காம்பவுண்டு சுவர் சாய்ந்தது. மூக்கைத் தேடி நீளப்படுத்தினார்கள். முருங்கை மரம் உள்ளே போனது, பின்னாலேயே துவைக்கிற கல்லும் போனது. ஒரு வாரத்தில் பரிசல் விடும் அளவுக்குக் குழி. சக்கரம் மொத்தம் இருபத்து மூன்று. இறக்கை மட்டும் வரவில்லை.

"வயித்துல வரிசையா இருபத்திரண்டு குட்டிச் சக்கரம் வச்ச ஜெர்மன் பிளேனு ஒண்ணு உண்டு" என்றார் சிவசுப்பிரமணியன், குரல் இறங்கி. "மரவட்டைன்னே அதைச் சொல்லுவாங்க."

"அப்ப இருபத்து மூணாவது?" என்றார் அய்யாக்கண்ணு.

"ஸ்டெப்னி."

ரத்தினம்மாளுக்குப் பொறுமை போனது. கக்கூஸுக்காக அண்ணன் வீட்டுக்கு நடந்தே ஒரு ஜோடி செருப்பு தேய்ந்துவிட்டதாம். திருச்சிக் கல்லூரியில் பாறைகளைப் பற்றிப் பாடம் நடத்தும் சிநேகிதி மகள் வினோதினிக்கு அவளே போன் போட்டாள்.

வினோதினி இரண்டு மாணவர்களோடு குழியில் இறங்கி, ஒரு வட்டத்தைத் தூரிகையால் தட்டினாள். "அம்மோனைட்டுங்க சார். நத்தை மாதிரி சுருண்ட கூடு. இங்க கடல் இருந்தப்ப வாழ்ந்தது. ஒம்பது கோடி வருஷம் இருக்கும்."

அய்யாக்கண்ணு அவசரமே படவில்லை. "ஒம்பது கோடி வருஷத்துக்கு முன்னால எந்த ஏர்போர்ஸு மாப்ள?"

தெருவே சிரித்தது. சிவசுப்பிரமணியன் கேட்டருகே ஸ்டூலைப் போட்டு ஏறினார். நாலு திருகாணியில் மூன்று கழன்றன. நாலாவது துருப்பிடித்து அடம் பிடித்தது. கல்யாணப் புடவையை மீட்ட சந்தோஷத்தில் ரத்தினம்மாள், பீரோவிலிருந்த முதல் வட்டத்தையும் வினோதினியிடம் கொடுத்திருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் குழாயடியிலிருந்து, தண்ணீர் சொட்டச் சொட்ட அதைத் தூக்கிக்கொண்டு வினோதினி கேட்டுக்கு வந்தாள்.

"கல்லு இருபத்திரண்டையும் வண்டியில ஏத்தியாச்சுங்க சார். இதை மட்டும் நீங்களே வச்சுக்குங்க, கழுவுனா ரப்பரா இருக்கு."