ஒன்பதாம் எண் இடம்

இனி இந்த வீட்டில் எந்தப் பொருளும் தொலையாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அறிவித்தேன். என் மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டேன்.

நான் ஜாவாஸ்கிரிப்டில் நிரல் எழுதிப் பிழைக்கிறவன். வீட்டுக்கென்றே பிரௌசரில் ஓடும் ஒரு செயலி செய்தேன். அதில் இரண்டு பட்டியல்கள். ஒன்றில் பொருள்கள். மற்றதில் அலமாரி, பரண், கட்டிலுக்கடி என்று எண் போட்ட இடங்கள். பொருளுக்குப் பக்கத்தில் இடத்தின் எண்ணைக் குறித்துவிட்டால் போதும், தேடும்போது இரண்டும் கைகோத்துக்கொண்டு வரும். குறிக்கிற வேலை மனைவிக்கு. தேடுகிற வேலை எனக்கு.

நேற்று பிஸ்கட் டின்னைத் தேடினேன். மகள் அனுப்பிய வெண்ணெய் பிஸ்கட். மருத்துவர் எனக்குச் சர்க்கரை என்று சொன்ன அன்றே டின் கண்ணிலிருந்து மறைந்தது. ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பார்த்தால், திரையிலும் டின் இல்லை.

"டின்னை நீ பதிவு பண்ணவே இல்லையா?"

"பண்ணினேனே. பொருள், இடம், எல்லாம் போட்டேன்."

"அப்புறம் ஏன் காணோம்?"

"என்னைக் கேட்டா? தொலையாதுன்னு சொன்னது நானா?" கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். "சாயங்காலத்துக்குள்ள உங்க செயலியை வச்சே கண்டுபிடிச்சிட்டா, இனிமே டின் எங்க இருக்குன்னு உங்ககிட்ட மறைக்கவே மாட்டேன். இல்லைன்னா அந்தக் கம்ப்யூட்டர் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது."

பிஸ்கட்டை மறந்தேன் என்றால் பொய். ஆனால் அதைவிட ருசியான ஒன்று அகப்பட்டிருந்தது. பதிந்து வைத்தது எப்படிக் காணாமல் போகும்?

முதலில் திரையைச் சந்தேகப்பட்டேன். பாவம், அதன்மேல் குற்றமில்லை. திரைக்குச் சர்வர் அனுப்பிய பதிலிலேயே டின் இல்லை. பதிவுகள் கிடக்கும் டேட்டாபேஸுக்குள் இறங்கினேன். அங்கே சமர்த்தாக உட்கார்ந்திருந்தது டின். இடம்: ஒன்பது. இடங்களின் பட்டியலைத் திறந்தேன். ஏழு, எட்டு, பத்து.

விழுந்த பல்லின் சந்து மாதிரி ஓர் இடைவெளி. இடமே இல்லாத பொருளைக் காட்டுவானேன் என்று என் நிரல் விட்டுவிட்டிருக்கிறது. இடம் இல்லாவிட்டாலும் காட்டு என்று ஒரு வரியை மாற்றினேன். டின் வந்தது. அதன் பின்னாலேயே என் சீட்டுக்கட்டு, நான் நிறுத்திவிட்ட சிகரெட்டின் லைட்டர், மகள் சின்ன வயதில் போட்ட மழைக்கோட்டு. எல்லாவற்றுக்கும் ஒன்பது. முகவரி உண்டு, வீடு இல்லை. எழுந்து சமையலறைக்குப் போனேன்.

"ஒன்பதாம் இடத்தை யார் அழிச்சது?"

"எனக்கு எழுதத்தானே சொல்லிக் கொடுத்தீங்க? அழிக்கச் சொல்லித் தரலையே."

சுருக்கென்றது.

பின்பக்க பால்கனியில் ஓடாத வாஷிங் மெஷின் ஒன்று கிடக்கிறது. "பழைய இரும்புக்காரர்கிட்ட போடுங்க, போடுங்க" என்று நச்சரித்தாள். ஒரு நாள் பொறுக்கமாட்டாமல், செயலியின் இடப்பட்டியலிலிருந்து அதை அழித்து, "பார், இப்ப நம்ம வீட்ல மெஷினே இல்லை" என்று காட்டினேன். "சரிதான்" என்றாள். அப்புறம் அந்தப் பேச்சே இல்லை. ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். அந்த மெஷினின் எண்தான் ஒன்பது. உள்ளே அவள் என்ன வைத்திருக்கிறாள் என்று பார்க்காமலே அழித்திருக்கிறேன்.

ஓடினேன். மூடியைத் திறந்தேன். டின்னோடு வெற்றிநடை போட்டு வந்தேன்.

"எங்க இருந்தது?"

"மெஷின்ல."

"எந்த மெஷின்? நம்ம வீட்லதான் மெஷினே இல்லையே. நீங்கதானே காட்டினீங்க?"

டின்னை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். 

"மெஷின் இருக்குன்னா கீழ இறக்குங்க. இல்லைன்னா அதுக்குள்ள டின்னும் இல்லை. ரெண்டுல எது?"

மெஷினை இறக்குகிறேன் என்று டின்னை அவள் கையில் வைத்தேன். நான் தேட உட்கார்ந்தபோதே இரும்புக்காரருக்குச் சொல்லியனுப்பிவிட்டாளாம். வாசலில் நின்றார். மெஷினை அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்து மூன்று மாடி இறக்கினோம். என் இடுப்பு எங்கே இருக்கிறது என்று எந்தச் செயலியையும் கேட்காமலே தெரிந்தது. அவர் மறுபடி மேலே போய்ச் சொல்லிக்கொண்டு கிளம்பினார். நான் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறி வந்தேன்.

"டின் எங்க?"

"மறைக்க மாட்டேன்னு சொன்னேனே. கம்ப்யூட்டர்ல பாருங்க."

பார்த்தேன். இடங்களின் கடைசியில் புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது. பொருளும் இடமும் கச்சிதமாகக் கைகோத்துக்கொண்டு, ஒரு பிழை இல்லாமல் திரையில் வந்து நின்றன.

பிஸ்கட் டின். இடம்: இரும்புக்காரர் வீடு.