குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கு நானும் என் மனைவியும் சுகம். அங்கு தாங்களும் சம்பந்தியம்மாளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் ஆகவேண்டும். ஐந்து மாதமாகத் தாங்கள் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை, பேத்தியையும் அனுப்பவில்லை. எங்கள் சாப்பாட்டு மேசையில் நான் சொன்ன ஒரு வாக்கியத்துக்காகப் பாதிச் சாப்பாட்டில் கை கழுவிக்கொண்டு எழுந்து போனீர்கள். அந்த வாக்கியத்தைத் திரும்பப் பெறுவதற்கே இக்கடிதம். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

முதலிலிருந்து சொல்கிறேன். முப்பது வருடமாக அச்சகத்தில் இலக்கணப் பாடநூல்களுக்குப் பிழை திருத்துகிறவன் நான். பொடி எழுத்தைப் பார்த்துப் பார்த்துப் போன வருடம் லேசாகத் தலைவலி வந்தது. மருந்துக்கடைக்காரர் ஓர் அட்டை கொடுத்தார். எப்படிப் போடவேண்டும் என்று அவர் சொன்னது என் காதில் ஏறவில்லை, எனக்குத்தான் விதி தெரியுமே. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும். ஆகவே குட்டித் தலைவலிக்கு ஒன்று, நீண்ட தலைவலிக்கு இரண்டு, விடாமல் இழுத்தால் அது அளபெடை, மூன்று. பிறகு, அச்சேறுமுன் திருத்துவதுதானே நம் தொழில் என்று, வலி வருவதற்கு முன்பே காலையில் ஒன்று போட ஆரம்பித்தேன். அதற்கப்புறம் தினமும் காலையில் தலைவலி வந்தது. முன்கூட்டியே போட்டது எவ்வளவு நல்லதாயிற்று பார் என்று மனைவியிடம் சொன்னேன்.

ஆனாலும் காரணம் கண்டுபிடிக்க வேண்டுமல்லவா. குக்கர் விசில் என்று நினைத்தேன். அதைப் பரணில் ஏற்றினேன், இரண்டு மாதம் அரைவேக்காட்டுச் சோறு தின்றோம். மாடிக் குடித்தனக்காரர் நாற்காலி இழுக்கிறார் என்று நானே படியேறிப் போய் நாற்காலியின் நான்கு கால்களுக்கும் என் காலுறைகளை மாட்டிவிட்டு வந்தேன், அவர் அதிலிருந்து வழுக்கி விழுந்து இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. கடிகாரத்தின் டிக் டிக்கை நிறுத்தினேன், அச்சகத்துக்கு மூன்று நாள் தொடர்ந்து தாமதமாகப் போய் முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். மூக்குக் கண்ணாடியை இரண்டு தடவை மாற்றினேன். வீட்டில் குற்றம் சாட்ட ஒரு பொருளும் மீதியில்லை என்றானபோதுதான் தாங்கள் சாப்பிட வந்தீர்கள்.

தாங்கள் ரயில் நிலையத்தில் மைக் பிடித்து அறிவிப்புச் செய்கிறவர். ரசம் கேட்டால்கூட நான்காவது நடைமேடை வரை கேட்கும். "வாய் பேசாத வீட்ல பொண்ணக் குடுத்திருந்தாக்கூட நான் நிம்மதியா இருந்திருப்பேன்" என்று எல்லார் முன்னிலும் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது.

போன மாதம் டாக்டரம்மாவிடம் மனைவி இழுத்துக்கொண்டு போனாள். "மாசத்துல எத்தனை நாள் மாத்திரை போடுறீங்க?" என்று கேட்டார். "பிப்ரவரில இருபத்தெட்டு நாள்தாம்மா" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ஐயா, வலிக்காக நீங்க மாத்திரை போடல. நீங்க இவ்வளவு மாத்திரை போடுறதாலதான் வலியே வருது. நிறுத்தினா முதல் பத்து நாள் இன்னும் மோசமா இருக்கும், அப்புறம் அடங்கிடும்." நான் ஆடிப்போனேன். தலைவலி மாத்திரை என்பதைத் தலைவலிக்கு மாத்திரை என்றே இத்தனை காலம் விரித்திருக்கிறேன், தலைவலியைத் தரும் மாத்திரை என்றும் விரிக்கலாம் என்று தோன்றவே இல்லை. முப்பது வருட அனுபவத்தில் நான் விட்ட ஒரே பிழை அது.

மனைவி வீட்டைச் சோதனை போட்டாள். அகராதியில் 'த' பக்கத்தில், குடைக்குள், கண்ணாடிக் கூட்டில் என்று அட்டைகள் அகப்பட்டன. பத்து நாள் நான் பட்ட பாடு சொல்லி மாளாது. இப்போது தலை தெளிந்த நீராக இருக்கிறது. ஆகவே தங்கள் குரல் காரணமல்ல என்று ஒப்புக்கொள்கிறேன். குரல் பெரியது என்பது மட்டும் நிற்கிறது, அதற்கு மருத்துவத்தில் மறுப்பு இல்லை. (மனைவி இந்த வரியை அடிக்கச் சொல்கிறாள். உண்மையை அடிப்பது என் தொழில் அல்ல.) பேத்தி இல்லாமல் வீடு வெறிச்சென்று இருக்கிறது. அவளுக்குத் தங்கள் குரல்தான், எவ்வளவு வேண்டுமானாலும் கத்தட்டும். அவளை அழைத்துக்கொண்டு தாங்களும் வாருங்கள்.

சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கமும், மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் ஆசிகளும், பேத்திக்கு முத்தங்களும் உரித்தாகுக.

இப்படிக்கு,
தலைவலி தீர்ந்த சம்பந்தி

பின்குறிப்பு: அண்ணா, இது உங்க சம்பந்தியம்மா எழுதறது. அவர் தபால்தலை வாங்கப் போயிருக்கார். தலைவலி இருந்தவரைக்கும் மனுஷன் அச்சகம் விட்டு வந்தா கண்ணை மூடிக்கிட்டு உள்ள படுத்துக் கிடந்தார். இப்ப தெளிஞ்சு வந்து காலைலேர்ந்து கூடத்துல உட்கார்ந்து, மளிகைச் சீட்டுல ஒற்றுப்பிழை, நான் போன்ல பேசினா வல்லினப்பிழைன்னு சிவப்பு மையோட திருத்திக்கிட்டே இருக்கார். நீங்க அவசியம் வந்து சத்தமாப் பேசுங்க, அவர் பேசறது என் காதுல விழாம இருக்கும். வரும்போது தலைவலி மாத்திரை ஓர் அட்டை வாங்கிட்டு வாங்க. எனக்குத்தான். குறிலா நெடிலான்னு அவர் கேட்டா, அளபெடைன்னு சொல்லிடுங்க.