துண்டு நானா எழுதாத சொல்

கரகரத்த ரேடியோவை அடுப்புக்கு மேலே காயவைத்த ஆள் இந்த நாட்டில் நான் ஒருவன்தான். அதிலும் அது என் ரேடியோ இல்லை. எனக்குப் பெண் தரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவருடைய ரேடியோ. என்னைப் போன்ற ஆட்கள் இருந்தபடியால்தான் பதுளையில் துண்டு நானாவுக்கு ஒரு நாளும் வேலை குறையவில்லை.

துண்டு நானாவைப் போல உண்மை பேசிய மனிதரை ஊவா மாகாணம் கண்டதில்லை. அரசாங்கக் கச்சேரி முத்திரை குத்திய கடிதத்தைக்கூடத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற ஆட்கள், நானாவின் அட்டைத் துண்டைக் கண்டால் மறுபேச்சில்லாமல் தலையாட்டுவார்கள்.

எழுபதுகளின் முற்பகுதி அது. வெளிநாட்டுச் சாமான் எதுவும் கடைக்கு வராது. பழையது பழுதானால் அதையே எப்படியாவது எழுப்பி நிறுத்த வேண்டும். கடைவீதிச் சந்தொன்றில் நானாவுக்கு (முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்) ஆறடி அகலத்தில் ஒரு கடை. குடை, பெற்றோமக்ஸ், சுவர்க் கடிகாரம், ரேடியோ எல்லாம் பார்ப்பார். வேலை முடிந்ததும் சிகரெட் பெட்டி அட்டையில் ஒரு துண்டு வெட்டி, நீலப் பென்சிலால் ஒரே ஒரு சொல் எழுதி, நூலால் சாமானில் கட்டிவிடுவார்.

‘துடைச்சது’ என்று எழுதியிருந்தால் சாமானில் பிழை இல்லை, சொந்தக்காரரில்தான் பிழை. ‘ஒட்டுப்போட்டது’ என்றால் நம்பி மழையில் இறங்காதே. ‘திருத்தினது’ என்றால் பயமில்லாமல் பாவிக்கலாம். ‘தேத்தினது’ என்றால் செத்துப் பிழைத்தது, அதட்டக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே ‘புதுசாக்கினது’ என்று ஒன்று உண்டாம். அதை அவர் யாருக்கும் எழுதியதில்லை. ஒரு தோட்டத்துத் துரையின் கடிகாரத்துக்கே ‘திருத்தினது’தான் கிடைத்தது. துரை அந்தத் துண்டைச் சட்டம் போட்டு மாட்டியதாகப் பேச்சு.

ஊரும் இந்தச் சொற்களைப் பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறவரை, “என்ன, தேத்தினதா?” என்றுதான் விசாரிப்பார்கள். கல்யாணத்துக்காகக் குடியை விட்டவனை எல்லோரும் ‘ஒட்டுப்போட்டது’ என்றார்கள்.

நான் அப்போது லுணுகலைப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் மாஸ்டர். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நூறு பேரை ஒரே கனைப்பில் அடக்கும் கணக்கப்பிள்ளையின் மகள் சரோஜாவைக் கேட்டு ஆள் அனுப்பியிருந்தேன். பதில் வரவில்லை. ரேடியோதான் வந்தது, அவர் கையிலேயே.

“மாஸ்டர், டவுனுக்குப் போறீங்கதானே? இது ஒரு வாரமா கரகரங்குது. துண்டு நானாகிட்ட காட்டிட்டு வந்துருங்க.”

“இதுக்கெதுக்குங்க நானா? வெறும் ஈரம். நானே பாத்துர்றேன்.”

விஞ்ஞானம் படிப்பிக்கிற வாய். சும்மா இருக்குமா? அடுப்புக்கு மேலே விறகு காயும் தட்டில் ரேடியோவை வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் பிளாஸ்டிக் முகம் உருகி, கன்னம் தொங்கி, பல் பிடுங்கிய ஆள் மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. கரகரப்பு மட்டும் நின்றிருந்தது, சத்தமே இல்லை.

பதுளைக்கு ஓடினேன். நானா அதைக் கண்ணாடிக்கு மேலால் ஒருமுறையும் கீழால் ஒருமுறையும் பார்த்தார்.

“மாஸ்டர், யாரு இத அடிச்ச?”

“யாரும் அடிக்கல நானா. காயவச்சேன்.”

“எதுக்கு? கருவாடா இது?”

ஒரு வாரத்தில் ரேடியோ கணீரென்று பாடியது. முகத்தைச் செப்புக் கம்பியால் தைத்து ஒருமாதிரி இழுத்து நிறுத்தியிருந்தார். கழுத்தில் துண்டு: ‘தேத்தினது’.

“நானா, கரகரப்புக்குக் குடுத்த ரேடியோ இது. தேத்தினதுன்னு போனா, நடுவுல சாவடிச்சது யாருன்னு கேப்பாங்க.”

“கேக்கட்டும். சொல்லுங்க.”

“என் கல்யாணமே இதுல தொங்குது. திருத்தினதுன்னு எழுதுனா உங்களுக்கு என்ன கொறஞ்சிரும்?”

“நாளைக்கு இது நின்டா அவரு உங்கள ஏச மாட்டாரு மாஸ்டர். என்ட துண்டத்தான் ஏசுவாரு.”

கறிக்கு வெலிமடை லீக்ஸ் ஒரு கட்டு கொண்டுபோய்க் கொடுத்தேன். சந்தோஷமாக வாங்கினார். சொல் மாறவில்லை.

லுணுகலை பஸ்ஸில் என் புத்தி இரண்டாவது தடவையாக உருகியது. துண்டைப் பிய்த்தெறிந்தேன். ஒரு சிகரெட் பெட்டியைக் கிழித்து, பள்ளிக்கூடத்து நீலப் பென்சிலை எடுத்தேன். நானாவுக்குக் கை நடுங்கும். பசறை வளைவுகளில் பஸ் ஆடிய ஆட்டத்தில் எனக்கும் அதே கையெழுத்து வந்தது. ‘திருத்தினது’ என்று எழுதத்தான் நினைத்தேன். கள்ளத்தனம் என்று ஆனபிறகு அதில் என்ன சிக்கனம்? ‘புதுசாக்கினது’ என்று எழுதிவிட்டேன்.

கணக்கப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை லயத்து வீட்டுச் சனமெல்லாம் வரிசையில் வந்து துண்டைப் படித்தது.

“மூஞ்சி கோணலா இருக்கேங்க?” என்றார் ஒருவர்.

“புது மோஸ்தருடா அது! வெளிநாட்டுல இப்ப எல்லாம் இப்படித்தான்” என்றார் கணக்கப்பிள்ளை. அன்றே பெண் தர வாயும் திறந்தார். அந்த வாயாலேயே, “மாஸ்டர், சனிக்கிழம நாம ரெண்டு பேரும் போயி நானாவுக்குப் பொன்னாட போத்திட்டு வருவோம்” என்றும் சொன்னார். எனக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை ரேடியோ, வாழைப்பழச் சீப்பு, பொன்னாடை, நான் என எல்லாம் நானாவின் மேசைக்கு முன்னால் போய்ச் சேர்ந்தோம். நானா துண்டை எடுத்துப் படித்தார். மறுபடி படித்தார். சுவரிலிருந்த கடிகாரங்கள் எல்லாம் என் நெஞ்சோடு போட்டி போட்டன.

“நீங்க எழுதுனதுதானே நானா?” என்றார் கணக்கப்பிள்ளை பெருமையாக.

நானா கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். ‘இல்லை’ என்ற ஒரு சொல் போதும், சரோஜா வேறு யாருக்கோ. ‘ஆமாம்’ என்றால் நானாவின் அத்தனை வருஷத்துத் துண்டும் பொய்.

நானா ரேடியோவைத் தன் பக்கம் இழுத்தார்.

“வேல இன்னும் முடியல்ல. வச்சிட்டுப் போங்க.”

பொன்னாடையையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். “இதுக்கும் மேலயா!” என்று வழியெல்லாம் வியந்துகொண்டே வந்தார் என் மாமனார். ஆமாம், பஸ்ஸிலேயே நான் அவரை மனதுக்குள் அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து நானே போய் ரேடியோவை வாங்கினேன். பலாமரத்தில் புதுப் பெட்டி, இழைத்து மினுக்கி, முன்னால் புதுத் துணி கட்டி, மாப்பிள்ளை மாதிரி இருந்தது. என்னைவிட நல்ல மாப்பிள்ளை. கழுத்தில் கட்டியிருந்தது நான் எழுதிய அதே துண்டு.

“உங்கட எழுத்துத்தான் கோணல் மாஸ்டர். மத்தத நேராக்கிட்டன்” என்றார் நானா. அதற்குமேல் அதைப் பற்றி அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. கல்யாணத்துக்குத் தொப்பியோடு வந்தவர், முதலில் ரேடியோவுக்குக் காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் என் கையைப் பிடித்தார்.

அதன்பிறகு மாதம் ஒருமுறையாவது அந்தச் சந்துக்குப் போகாவிட்டால் எனக்கு என்னவோ போலிருக்கும். பழுதான சாமான் அகப்படாத மாதங்களில் நல்ல குடையையே கொண்டுபோய், “ஏதோ சிக்குது நானா” என்பேன். விரித்துப் பார்ப்பார், மடக்குவார், ‘துடைச்சது’ என்று எழுதிக் கட்டுவார். பிறகு இருவருமாகப் பாலில்லாத பிளேன்டீ குடிப்போம். என் வீட்டில் அப்படி எட்டுத் துண்டுகள் சேர்ந்தன. ஒன்றையும் நான் எறியவில்லை.

ஒருநாள் பிளேன்டீ நடுவில் கேட்டேன்: “நானா, என் கழுத்துல ஒரு துண்டு கட்டுறதா இருந்தா என்ன எழுதுவீங்க?”

கண்ணாடிக்கு மேலால் ஒருமுறை பார்த்தார். கீழால் ஒருமுறை பார்த்தார்.

“வேல இன்னும் முடியல்ல.”