கம்பளம் போட்ட காரில் பெண் பார்க்கப் போனது

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். இருபத்து நான்கு வயதில் அது என்னிடம் மருந்துக்கும் கிடையாது. கார்களைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் குளுவாங் வட்டாரத்தில் கார் விஷயத்தில் என்னை விட்டால் ஆள் இல்லை என்று எல்லாரையும் நம்ப வைத்திருந்தேன். (நானும் நம்பிவிட்டேன். அதுதான் வினை.)

மலாயாவில், குளுவாங்குக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீசில் நான் அப்போது சின்னக் கிராணி, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தா. துரை படித்துவிட்டுத் தூக்கிப் போடும் மோட்டார் சஞ்சிகைகள் என் மேசைக்கு வந்து சேரும். அவற்றில் உள்ள படங்களைப் பார்த்தே நான் நிபுணன் ஆனவன். என் அக்காளின் கணவர் தோட்டங்களுக்கு மரச்சாமான் போடும் குத்தகைக்காரர். குடும்பத்தோடு போய்வர, மழைக்கு நனையாத மூடிய கார் ஒன்று வாங்க வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது. “தம்பி, நீதான் பாத்துச் சொல்லணும்” என்றார். அந்த ஒரு வார்த்தையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

கார் பார்க்கப் போகும் அதே நாளில் இன்னொரு காரியமும் இருந்தது. தம்போய்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் பெரிய கிராணியாக இருந்தவரின் மகளை எனக்குப் பெண் பார்க்கப் போக வேண்டும். அந்தப் பெண்ணைத் தைப்பூசத்தில் கூட்டத்துக்கு நடுவே ஒரு முறை பார்த்திருந்தேன். பிடித்துப் போயிற்று. சாப்பாடு இறங்காத அளவுக்குப் பிடித்துப் போயிற்று. ஆனால் ஏற்கெனவே இரண்டு சம்பந்தங்கள் தட்டிப் போயிருந்தன. “இதுவும் தட்டிப் போச்சுன்னா, இனி உனக்காக எந்த வாசப்படியும் ஏற மாட்டேன்” என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

காலை ரயிலில் மூவரும் ஜோகூர் பாரு போய் இறங்கினோம். நான் கோட்டு, டை, புது பூட்ஸ். அத்தான் சரிகைத் தலைப்பாகை, கிறீச்சிடும் தோல் செருப்பு. அக்கா, மணி கோத்த சீனத்துச் செருப்பை முதன்முதலாகப் போட்டிருந்தாள். கார்க் கடைக்குப் பத்து மணிக்குப் போவது, அங்கிருந்து வாடகை வண்டி பிடித்துத் தம்போய் போவது என்று ஏற்பாடு.

கடை வாசலில், சாலையோரமாகக் கார் நின்றது. கரும்பச்சை நிறம். பெரிய துரைமார் வைத்திருப்பது மாதிரி நீளமும் இல்லை, குட்டையும் இல்லை. நடுத்தரக் குடும்பம் ஒன்று நெருக்காமல் உட்காரும் அளவு. நான் நோட்டுப் புத்தகத்தை எடுத்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, காரை மூன்று முறை சுற்றி வந்தேன். கடைக்காரச் சீனர் என் பின்னாலேயே மூன்று முறை சுற்றினார்.

“மூக்கு கொஞ்சம் தூக்கலா இருக்கு. மட்கார்டு வளைவு நல்லா இருக்கு. பின்பக்கம்தான் சரியில்ல, திடீர்னு முடிஞ்சு போவுது” என்றேன்.

“அப்புறம் எங்க முடியணுங்கிற? மெர்சிங் வரைக்கும் போவணுமா?” என்றார் அத்தான். வெயில் அவருக்கு ஏறிக்கொண்டிருந்தது.

கதவைத் திறந்தேன். உள்ளே சாம்பல் நிறத்தில் வெல்வெட் மெத்தை. கூரைக்கும் துணி. பிடித்துக்கொள்ளப் பட்டுக் கயிறு. பூ வைக்க ஒரு கண்ணாடிக் குழல். எல்லாவற்றுக்கும் மேலாகத் தரையில் கம்பளம்! எங்கள் துரை வீட்டுக் கூடத்தில்கூட அப்படிப்பட்ட கம்பளம் கிடையாது. அத்தான் செருப்புக் காலைத் தூக்கி வைக்கப் போனார்.

“அத்தான்! செருப்போடயா ஏறுவாங்க? கம்பளம்!” என்று கத்தினேன்.

பாவம், அவர் பயந்தே போனார். மூவரும் சாலையோரம் செருப்பையும் பூட்ஸையும் வரிசையாகக் கழற்றி வைத்துவிட்டு, கோயிலுக்குள் நுழைவது போல ஏறினோம். வண்டி ஓட்ட வந்த மலாய்க்கார டிரைவர் இதைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார். அவர்கள் வழக்கத்திலும் வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். அந்த மனிதர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எனக்கு இந்தக் கட்டுரையை எழுதும் வேலையே இருந்திருக்காது.

உட்கார்ந்த பிறகு என் அட்டகாசம் அதிகமாயிற்று. மெத்தையில் எம்பி எம்பி உட்கார்ந்து ஸ்பிரிங்கைச் சோதித்தேன். கண்ணாடியை ஏற்றினேன், இறக்கினேன், மறுபடி ஏற்றினேன். அத்தானின் தலைப்பாகை கூரையில் இடித்தது. “கூரை உயரம் போதாது” என்று எழுதினேன். அக்கா காலைத் தூக்கிச் சம்மணம் போட்டுப் பார்த்தாள். “சம்மணத்துக்கு உகந்தது” என்று எழுதினேன். அக்காளின் கொண்டைப் பூ நசுங்கியது. அதையும் எழுதினேன்.

கடைக்காரருக்கு அலுத்துவிட்டது போலும். ஜன்னல் வழியாகக் குனிந்து, “ஓட்டிப் பார்த்தால்தானே துவான் சுகம் தெரியும்? எங்கே போகணுமோ போய் வாங்க” என்று மலாயில், மரியாதைக்கு ஒரு துவானும் போட்டுச் சொன்னார்.

அக்கா முகம் மலர்ந்தது. “தம்போய்க்கே போலாம் லா! கார்ல போயி எறங்குனா அவங்களுக்கும் ஒரு மதிப்பா இருக்கும்.”

டிரைவர் வண்டியை எடுத்தார். நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். என்ன எழுதினேன் தெரியுமா? “பாதங்களுக்கு மிகுந்த இதம்.”

வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. அத்தான்கூடக் கோபம் தணிந்து, “பரவால்ல, வாங்கலாம்” என்றார். பெரிய கிராணி வீட்டு வாசலில் கார் நின்றது. கதவைத் திறந்து கம்பீரமாக இடது காலை வெளியே வைத்தேன். காலுறை சேற்றில் சதக்கென்று இறங்கியது.

“அலமாக்!” என்று மலாயில் அலறினேன்.

அத்தான் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க விரும்பவில்லை. “கம்பளமாம் கம்பளம். உன்னைய நம்பி வந்தேன் பாரு, என்னையச் சொல்லணும்” என்று பல்லைக் கடித்தார். அக்காதான் சமாளித்தாள். “உள்ள போனா எல்லாரும் வெறுங்காலுதானே? யாருக்குத் தெரியப் போவுது? காலக் கழுவிட்டு வாங்க. ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது.” காலுறைகளைச் சுருட்டிக் கோட்டுப் பையில் திணித்துக்கொண்டு, வாசல் தொட்டியில் காலைக் கழுவி உள்ளே போனோம்.

எல்லாம் நன்றாகவே நடந்தது. பெரிய கிராணி அதிகம் பேசாதவர். சொன்னால் சொன்னதுதான் என்று பெயர் எடுத்தவர். பெண் காப்பி கொண்டு வந்து வைத்தாள். ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்குவது போல உதட்டைக் கடித்தாள். என்னை மிகவும் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

கிளம்பும்போது பெரிய கிராணி எங்களை வழியனுப்ப வாசல் வரை வந்தார். அவர் வாசல் வரை வருவார் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. படியைப் பார்த்தார். சுற்றிலும் பார்த்தார்.

“உங்க செருப்பெல்லாம் எங்க?”

மூவரும் மூன்று திசையில் பார்த்தோம்.

“இங்கதான்... கழட்டுனோம்” என்றாள் அக்கா, மெல்லிய குரலில்.

பெரிய கிராணியின் முகம் கறுத்தது. “சம்பந்தம் பேச வந்தவங்க என் வீட்டுலருந்து வெறுங்காலோட போறதா? மாப்ள, உங்களுது எப்படி இருக்கும்?”

இங்கேயாவது நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். நான்தான் நிபுணனாயிற்றே! “கறுப்பு பூட்ஸ், முனை கூரா இருக்கும், உள்ள செவப்புத் தோலு” என்று ஒப்பித்தேன்.

“டைகர் வேலைதான் இது. போன வாரம் என் செருப்பையும் இழுத்துட்டுப் போச்சு” என்று சொல்லி, அவர் நாயைப் பிடித்துத் தூணில் கட்டினார். செம்பட்டை நிறத்தில் எலும்பும் தோலுமான நாய். எங்களைப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. அவர் உள்ளே போய்ப் பிரம்போடு வந்தார்.

அக்கா என் கையைக் கிள்ளினாள். பேசினால் பெண் போச்சு. பேசாவிட்டால் அந்த வாயில்லாப் பிராணிக்கு என் முட்டாள்தனத்துக்காக அடி. பிரம்பு மேலே போயிற்று. நாய் அப்போதும் வாலை ஆட்டியது. எனக்குத் தாங்கவில்லை.

“அடிக்காதீங்க ஐயா! அது எடுக்கல. நாங்க போட்டுக்கிட்டே வரல!”

பிரம்பு அந்தரத்தில் நின்றது. “வரலயா? ஏன்?”

“கார்ல... கம்பளம் இருந்துச்சு. அழுக்காயிடுமேன்னு கடை வாசல்லயே கழட்டி வச்சிட்டோம். கழட்டச் சொன்னது நான்தான். அப்புறம் வண்டிய எடுத்துட்டாங்க.”

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். அப்போது ஜன்னலுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் வாய்விட்டுச் சிரிக்கும் சத்தம் கேட்டது. அடக்க முயன்று, முடியாமல், மறுபடி சிரிக்கும் சத்தம். பெரிய கிராணி ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். பிரம்பைக் கீழே வைத்தார். நாயை அவிழ்த்து விட்டார்.

“சரி, கார் எப்படி?” என்றார்.

வேறு என்ன சொல்வதென்று தெரியாமல் உண்மையைச் சொன்னேன். “கால் வைக்கத் தாராளமா எடம் இருக்குங்க.”

மறு வாரமே சம்மதம் என்று கடிதம் வந்தது. அத்தான் அந்தக் காரை வாங்கவில்லை. தரையில் வெறும் பலகை போட்ட பழைய திறந்த கார் ஒன்றை வாங்கி, மழை வந்தபோதெல்லாம் நனைந்தார். நனைந்தபோதெல்லாம் என்னைத் திட்டினார். கடை வாசலில் நாங்கள் விட்டுப் போன மூன்று ஜோடியும் மழைத் தண்ணீரில் ஊறிப் போயிருந்தன. அக்காளின் மணிச் செருப்பு அன்றோடு சரி.

கல்யாணமான பிறகுதான் என் மனைவி சொன்னாள். நான் காரிலிருந்து காலுறையோடு சேற்றில் இறங்கியதை அவள் ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டாளாம். “அப்பா பிரம்ப எடுத்தப்ப நானே வந்து சொல்லியிருப்பேன். நீங்க சொல்றீங்களான்னு கொஞ்சம் பாத்தேன். சொல்லாம இருந்திருந்தா, நாயி தப்பிச்சிருக்கும், நீங்க தப்பிச்சிருக்க மாட்டீங்க” என்றாள்.

நாற்பது வருஷம் ஆகிவிட்டது. இப்போதெல்லாம் என் மகன் கார் ஓட்டுகிறான். நாங்கள் ஏறி உட்கார்ந்ததும் அவன் உடனே வண்டியை எடுப்பதில்லை. என் மனைவி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, குனிந்து, சாலையை ஒரு முறை நிதானமாகப் பார்ப்பாள். பிறகு என் காலைப் பார்ப்பாள். “ம், போலாம்” என்று அவள் சொன்ன பிறகுதான் எங்கள் வீட்டுக் கார் நகரும்.