அளவில்லாமல் கொடுத்த அனுமதி

என்னைப் போல ஒரு முட்டாளை ஒரகடம் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. இத்தனைக்கும் அங்கே ஒரு ஆலையில் எனக்குத் தரப் பரிசோதனை வேலை. மயிரிழைக் கீறல் இருந்தாலும் பொருளைத் திருப்பி அனுப்பிவிடுவேன். (சூப்பர்வைசரே என்னைக் கண்டால் ஒதுங்கித்தான் போவார்.)

அப்படிப்பட்ட நான், இலவச டோக்கன் தருவதாகச் சொன்ன ஒரு தளத்தில் என் கிரிப்டோ வாலட்டை இணைத்தேன். ஒரு டாலர் மதிப்புள்ள கிரிப்டோ காசான டாலர் காயினைத் தொட அது அனுமதி கேட்டது. படிக்காமலே 'சரி' அமுக்கினேன். இலவசம் வரவில்லை. தளத்தை மூடிவிட்டு மறந்துபோனேன்.

சில மாதம் கழித்து, அம்மாவுக்கு ஃபிரிட்ஜ் வாங்கச் சேர்த்த ஓ.டி. பணத்தை டாலர் காயினாக அதே வாலட்டில் போட்டேன். மறுநாள் பார்த்தால் பூஜ்யம். என் ஃபோனைத் திறக்கத் தெரிந்தவள் பெண்கள் ஹாஸ்டலில் என் அறைத்தோழி பேச்சியம்மாள் மட்டும்தான். எல்லோர் முன்னாலும் "நீதான எடுத்த?" என்று கேட்டுவிட்டேன். அவள் பாயைச் சுருட்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

அடுத்த சம்பளத்தில் மறுபடியும் கொஞ்சம் போட்டேன். வல்லக்கோட்டை முருகன் விபூதியை ஃபோனில் பூசினேன். (சார்ஜ் போடும் துளை அடைத்துக்கொண்டதுதான் மிச்சம்.) ஆலைக்குள் ஃபோன் கொண்டுபோகக் கூடாது. அணைத்து, கேட்டில் உள்ள லாக்கரில் பூட்டி, சாவியை நானே வைத்துக்கொண்டேன். மதியம் ஷிஃப்ட் முடிந்து எடுத்துப் பார்த்தேன். காலை பதினொன்றேகாலுக்குப் பணம் போயிருந்தது.

"அண்ணே, யாரும் இதத் தொறந்தாவளா?" என்று செக்யூரிட்டியைக் கேட்டேன்.

"நீ பூட்னது பூட்னபடியே கீதும்மா. சாவி உங்கிட்டதான கீது?"

அணைத்து வைத்த ஃபோனுக்குள் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்றே நம்பினேன். கொளுத்தும் வெயிலில், ஷேர் ஆட்டோவில் நடுங்கிக்கொண்டே ஹாஸ்டலுக்குப் போனேன். பயத்தில் வெட்கம் போய், பேச்சியிடமே ஃபோனை நீட்டினேன்.

வெகுநேரம் நோண்டிவிட்டுச் சொன்னாள்: "ஏட்டி, இங்க அனுமதின்னு ஒரு பட்டியல் இருக்கு பாரு. ஒன் காயின எப்ப வேணும்னாலும் எடுத்துக்கோன்னு நீதான் எவனுக்கோ குடுத்திருக்க. எவ்வளவுன்னா, அளவே கெடையாதாம். அவனுக்கு ஒன் ஃபோன் எதுக்குட்டி?"

தளத்தை மூடினாலும் அனுமதி மூடாதாம். நான் கீறல் தேடிக்கொண்டிருந்த அத்தனை மாதமும் அது சத்தமில்லாமல் என் வாலட்டைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

அவளே அதை ரத்து செய்தாள். (அதற்கும் கட்டணம் உண்டு.) போன பணம் திரும்பவில்லை. "மன்னிச்சிருட்டி" என்று அழுதேன். அன்று மாலையே பாயைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தாள்.

பிறகு அவள் அண்ணனையே நான் கட்டிக்கொண்டேன். இன்றைக்கும் பீரோ சாவியை நீட்டினால் அவள் சட்டென்று வாங்க மாட்டாள். "எவ்வளவு எடுக்கணும்னு மொதல்ல சொல்லுங்க மைனி" என்பாள். மாமியார் உட்பட எல்லோரும் சிரிப்பார்கள். நான் மட்டும் தொகையைச் சொல்லிவிட்டுத்தான் சிரிப்பேன்.