எல்லா எலெக்ட்ரானுக்கும் சம நீதி

சங்கரன்கோவிலில் ஒரு கல்லூரி. அங்கே இயற்பியல் விரிவுரையாளராக இருந்த வள்ளித்தாய்க்கு அரசு ஆராய்ச்சி உதவி கொடுத்தது. கொடுத்ததைக் கண்காணிப்பதும் அரசின் கடமையல்லவா? எழுபத்தொன்பதாம் வருஷம் ஒரு வெயில் நாளில், மண்டல ஆய்வு அதிகாரி காசிராஜன், தெருவைப் பெருக்குகிற அகலத்தில் பெல்பாட்டம் போட்டுக்கொண்டு ஜீப்பை விட்டு இறங்கினார்.

வள்ளித்தாய் அப்போதுதான் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்து, ஒரு சின்னத் தகட்டில் இரும்பை ஆவியாக்கிப் படியவைத்திருந்தாள். கரண்ட் இருந்தால் பம்பு ஓடாது, பம்பு சரியானால் கரண்ட் இருக்காது. வாரக்கணக்கில் பட்ட பாடு. அந்த இரும்பின்மேல் மெல்லிசாக ஒரு மின்கடத்தாப் படலமும், அதற்கு மேல் கோபால்ட் என்ற இன்னொரு காந்த உலோகமும் படியவைத்துவிட்டால் டாக்டர் பட்டத்துக்கு ஆகிவிடும்.

"இதுல என்னம்மா கண்டுபிடிக்கப் போறீங்க?" என்றார் காசிராஜன்.

"ஒவ்வொரு எலெக்ட்ரானுக்கும் ஒரு சுழற்சி உண்டு சார். ரெண்டு காந்தப் படலமும் ஒரே திசையில நின்னா, நடுவுல இருக்க தடுப்பைத் தாண்டி நெறையப் போகும். எதிரெதிரா நின்னா கொஞ்சந்தான் போகும்."

"அதாவது, நம்ம ஆளுன்னா விடும். இல்லேன்னா விடாது."

"அப்படித்தான்னு வச்சுக்கிடுங்க."

காசிராஜன் முகம் கறுத்தது. "அரசுப் பணத்துல பாரபட்சமா?"

"நான் செய்யல சார். இயற்கை."

"இயற்கைக்கு ஒப்புதல் வாங்கியிருக்கா?"

அந்த ஆட்சேபணையைத் தற்காலிகமாக நிறுத்திவைத்த அதிகாரி, பொருளை வெளியே எடுக்கச் சொன்னார். கண்ணாடி வழியாகவே பார்க்கலாமே என்றாள் அவள்.

"தொட்டுப் பார்த்தேன்னுதான் விதிப்படி எழுதணும். தொடலேன்னா பொருள் இல்லைன்னு அர்த்தம். பொருள் இல்லேன்னா உதவி நிறுத்தம்."

"காத்துப் பட்டாத் துரு ஏறிரும் சார். ஒரு அணு கனத்துக்கு ஏறினாலே எலெக்ட்ரான் சுத்துன பக்கத்தை மறந்துரும். எல்லாம் மேற்பரப்புலதான் இருக்கு."

"மேற்பரப்புதான் முக்கியம்னு நாங்களும் சொல்லுதோம். தொறங்க."

ஆய்வக உதவியாளர் வெள்ளத்துரை அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே குழாயைத் திருகினார். காற்று உஸ்ஸென்று உள்ளே போனது. அவளுக்குத் தன் மூச்சே வெளியே போவதுபோல் இருந்தது. காசிராஜன் பெருவிரலால் அழுத்திப் பார்த்து, பொருள் இருப்பதாகச் சான்றளித்தார். பிறகு தகட்டில் ஒரு விரல்ரேகை இருப்பதைக் கண்டு முகஞ்சுளித்து, ஆராய்ச்சிக் கூடத்தில் சுத்தம் போதாது என்று கண்டித்து, அத்தர் மணக்கும் கைக்குட்டையால் தாமே துடைத்துக் கொடுத்தார்.

பெங்களூரில் ஒரு ஆய்வகத்தில் அளந்து தருவதாகச் சொன்ன தேதி நெருங்கிவிட்டது. வேறு தகடு செய்ய நேரமில்லை. துருவுக்கும் அத்தருக்கும் மேலேயே மற்ற இரண்டையும் படியவைத்து எடுத்துக்கொண்டு போனாள். காந்தங்களை எந்தப் பக்கம் திருப்பினாலும் கருவியின் முள் ஒரே இடத்தில் நின்றது. விருதுநகர் வரும்வரை ரயில் ஜன்னலில் சாய்ந்து அழுதாள்.

ஊருக்கு வந்ததும் உள்ளதை எழுதி அனுப்பினாள்: மேற்பரப்பில் மாசு படிந்ததால் வித்தியாசம் மறைந்தது, மாசுக்குக் காரணம் அதிகாரியின் கைக்குட்டை.

பதில் வந்தது. 'எத்திசையில் சுழலும் எலெக்ட்ரானையும் பேதமின்றிச் சமமாக நடத்தி, அரசின் சமத்துவக் கொள்கையை அணு அளவில் நிறைவேற்றியுள்ள தங்களை அரசு பாராட்டுகிறது. மாசு என்ற சொல், அரசின் வழிகாட்டுதல் எனத் திருத்தி வாசிக்கப்பட்டது.' விருது உண்டு, மந்திரி வருகிறார், விழா சங்கரன்கோவிலிலேயே.

"மேடையில உண்மையச் சொல்லிருவேன்," என்றாள் வள்ளித்தாய்.

"சொல்லுங்க மேடம்," என்றார் வெள்ளத்துரை. "மொதல்ல உள்ள போகணும்லா."

விழா அன்று கல்யாண மண்டபத்து வாசலில் கூட்டம் முண்டியது. கதவருகே நின்றவன் கையை நீட்டி மறித்தான்.

"நீங்க யாரு ஆளு?"

"விருது வாங்க வந்திருக்கேன்."

"இங்கன எல்லாரும் அதைத்தான் சொல்லுதாக. யாரு ஆளு?"

உள்ளே ஒலிபெருக்கியில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. உண்மையைச் சொல்லும் பேச்சை ராத்திரியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தாள்.

"காசிராஜன் சார் ஆளு," என்றாள் வள்ளித்தாய்.

கதவு திறந்தது. அவளுக்குப் பின்னால் கல்லூரி முதல்வர் நின்றார். அவருக்குப் பின்னால் வெள்ளத்துரை, அப்புறம் ஊர். அத்தனை பேரும் அதையே சொன்னார்கள்.