கல்லுக்கு ஒரு டிக்கெட்

திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பெரிய கிளாக்கராக இருக்கும் தரணிதரன், ஒரு நாள் காலை தோசைத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சபதம் எடுத்தார். விமான டிக்கெட்டுக்கு முழு விலை கொடுப்பதில்லை. இந்தப் பிறவியில் இல்லை.

"சபதத்தை எடுத்தாச்சுன்னா தோசையையும் எடுத்துக்கங்க, ஆறுது," என்றாள் மனைவி ஜீவராணி.

ஏப்ரல் பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு திருச்சிக்குப் போய்வருவது என்று முடிவாகியிருந்தது. சமயபுரம், ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், நடுவில் துணிக்கடை. ஒரே மகள் சுலக்ஷனாவுக்குப் பதினைந்து வயது, இதுவரை விமானத்தை அண்ணாந்துதான் பார்த்திருக்கிறாள். எல்லாம் சரி. டிக்கெட் விலையில்தான் தரணிதரனுக்கு ரத்தம் கொதித்தது.

"தலவாக்கலையில இருந்து ஹட்டனுக்கு பஸ்ல போனா சீட்ல உக்காந்திருக்கவனுக்கும் அதே காசு, புட்போர்டுல தொங்குறவனுக்கும் அதே காசு. அது நியாயம்! இந்தப் பிளேன்ல ஒரே வரிசையில மூணு பேர் மூணு விலைக்கு உக்காந்திருக்கான். காலையில ஒரு விலை. தேத்தண்ணி குடிச்சிட்டு வந்து பார்த்தா வேற விலை. நான் தேத்தண்ணி குடிச்சது அவனுக்கு எப்படித் தெரியும்?"

தெரிகிறது என்பதுதான் அவருடைய முடிவு. தம் கைபேசி தம்மை அடையாளம் கண்டுகொண்டு விலையை ஏற்றிவிடுகிறது என்று நம்பி, அதன் கமராவுக்குப் பிளாஸ்டர் ஒட்டினார். பிறகு ஜீவராணியின் கைபேசியில் தேடினார். மகளுடையதில் தேடினார். தோட்டத்துக் கடைக்காரரிடம் இரவல் வாங்கியும் தேடினார். அடுத்த நாளிலிருந்து கடைக்காரரின் கைபேசியில் திருச்சி லாட்ஜ் விளம்பரங்களாக வந்து விழ, அவர் வீட்டம்மா யாரோடு போகப் போகிறீர்கள் என்று விசாரணை தொடங்கியதும் அந்த வழி அடைபட்டது.

இத்தனைக்கும் நடுவில் ஜீவராணி அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அவளுடைய அக்கா நாகலெட்சுமியையும் கூட்டிப் போக வேண்டும்.

நாகலெட்சுமி கொட்டகலைப் பக்கத்தில் தோட்டத்து மருத்துவிச்சி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கையைப் படிக்கவைத்து, நகை போட்டுக் கட்டிக்கொடுத்ததே அவள்தான்.

"அக்கா கையில பொறந்த பிள்ளைங்க துபாய்ல இருந்தும் கனடாவுல இருந்தும் போட்டோ அனுப்புதுங்க. அவ இன்னும் ஹட்டன் ஸ்டேசனைத் தாண்டல. ஒரே ஒரு தடவை பிளேன்ல ஏறிப் பாக்கணுங்கிறா. வேற என்னங்க கேட்டா நம்மகிட்ட?"

"பார்ப்போம்," என்றார் தரணிதரன்.

'பார்ப்போம்' என்பதற்கு அகராதியில் என்ன பொருள் இருந்தாலும் கணவர்களின் வாயில் அதற்கு ஒரே பொருள்தான். செலவு ஒரு காரணம். அவர் வெளியே சொல்லாத இன்னொரு காரணமும் உண்டு. சுலக்ஷனா பிறந்தபோது பிரசவம் பார்த்தவள் நாகலெட்சுமி. குழந்தையின் முதல் அழுகையைக் கேட்டதும் வராந்தாவில் நின்ற தரணிதரன் மயங்கி விழுந்ததும், தாயையும் பிள்ளையையும் விட்டுவிட்டு முதலில் அவருக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டியிருந்ததும் உண்மை. அந்த உண்மையை அவள் போகிற கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றிலும் சொல்லிவந்தாள். இலங்கைக்குள் சொன்னது போதும், இந்தியாவுக்கும் கொண்டுபோக வேண்டாம் என்பது அவர் கருத்து.

ஒரு புதன்கிழமை, ஆபீஸில் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டுக்கு மேல் கைபேசியை வைத்துக்கொண்டிருந்தபோது, விலை தடாலென்று விழுந்தது. சலுகை! தரணிதரன் இரண்டாம் முறை யோசிக்கவில்லை. போகவர மூன்று டிக்கெட். பணம் திரும்பக் கிடைக்காது. பெயர் மாற்ற முடியாது. ஆளுக்கு ஏழு கிலோ கைப்பை மட்டும். தண்ணீர்கூடக் காசுக்குத்தான். இருக்கட்டுமே! போரில் வென்றவன் பல்லக்கு கேட்பதில்லை.

வீட்டுக்கு வந்ததும் அலமாரிக்கு மேலிருந்து நீலப் பையை இறக்கினார். போன வருடம் மூவரும் கதிர்காமம் போனபோது அங்கே வாங்கிய பை. அதைத் தட்டித் தூசி கிளப்பியபடியே அறிவித்தார்.

"மூணு டிக்கெட். என்ன விலைன்னு கேட்டா நீ நம்ப மாட்டே."

"மூணா?"

"மூணு."

"அக்கா?"

"சலுகையில அவ்வளவுதான் கிடைச்சுச்சு," என்று கூசாமல் சொன்னார்.

ஜீவராணி அழவில்லை, கத்தவில்லை. கறிக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டே நிதானமாகச் சொன்னாள். "மூணு பேராப் பயணம் போகக் கூடாதுங்க."

"எவன் சொன்னான்?"

"ஊர் ஒலகமே சொல்லுது. மூணு பேரா வாசலைத் தாண்டினா போன காரியம் வெளங்காது."

"பிளேன்ல நூத்தி எண்பது பேர் இருப்பாங்க. அவங்களையும் சேர்த்து எண்ணிக்க."

"அவங்கெல்லாம் நம்ம வாசல்ல இருந்தா கெளம்புறாங்க?"

"பைலட் இருக்கான்!"

"அவன் சம்பளத்துக்கு வர்றான். உங்களுக்காகவா வர்றான்?"

தரணிதரன் பல்லைக் கடித்துக்கொண்டு நாலாவது டிக்கெட்டின் விலையைப் பார்த்தார். மலிவானவை எல்லாம் தீர்ந்துவிட்டிருந்தன. மிஞ்சியிருந்தது ஒரே வகை. முப்பது கிலோ பெட்டி, சுடச்சுடச் சாப்பாடு, விரும்பிய ஜன்னல் சீட், எல்லாம் உள்ளடக்கம். விலையைப் பார்த்தால் விமானத்தின் ஒரு சக்கரத்தையும் சேர்த்துக் கொடுப்பார்கள் போலிருந்தது.

"கொள்ளை! பகல் கொள்ளை! காலையில வித்த அதே சீட்டு! நடுவுல என்ன, தங்க முலாம் பூசினானா?"

அன்று மாலை தலையில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போதுதான் அவருக்குப் பளிச்சென்றது. துவாலையோடு வெளியே ஓடிவந்தார்.

"அடியே, உன் சாத்திரத்துலயே வழி இருக்கு! மூணு பேராப் போறவங்க ஒரு கல்லைக் கூட எடுத்துக்கிட்டுப் போவாங்க. அப்ப நாலு பேர் கணக்கு. எங்க தாத்தா, பாட்டன் எல்லாம் அப்படித்தான் செஞ்சாங்க."

ஜீவராணி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "கல்லும் ஒரு ஆளுதான்னு சொல்றீங்க?"

"சந்தேகமென்ன?"

"அரை ஆளு இல்லையே?"

"முழு ஆளு!"

"யாருக்குப் பதிலா?"

"உங்க அக்காவுக்குப் பதிலாத்தான்."

"சுலக்ஷனா! இங்க வா. அப்பா சொல்றதைக் கேட்டுக்க."

தரணிதரன் மகளிடமும் ஒருமுறை சொன்னார். வெற்றி பெற்றவர்கள் திரும்பச் சொல்வதற்கு அலுத்துக்கொள்வதில்லை.

மறுநாள் ஆற்றோரத்திலிருந்து ஒரு கூழாங்கல்லைப் பொறுக்கி, கழுவித் துடைத்து, ஜீவராணியின் உள்ளங்கையில் வைத்தார்.

"என்னங்க இது?"

"நாலாவது ஆள்."

"எங்க அக்கா இத்துனூண்டா இருக்கா?"

"சாத்திரம் எடை பாக்குமாடி?"

"நீங்க பாக்கிறீங்களே, தேயிலைக் கொழுந்துக்கு. அது மட்டுமில்லீங்க. இது ஆத்துல கெடந்த கல்லு. ஊரான் வீட்டு ஆளு. நம்ம வாசல்ல இருந்து கெளம்புற ஆளுன்னா நம்ம வீட்டுக் கல்லா இருக்கணும்."

"நம்ம வீட்டுல ஏது கல்லு?"

ஜீவராணி அடுப்படிப் பக்கம் கையைக் காட்டினாள். அங்கே, மிக்ஸி வந்த பிறகும் ஓய்வு பெறாத அம்மிக் குழவி கிடந்தது.

"குழவியா! சரி, தொலையட்டும். குழவிதானே."

"குழவி மட்டும் எப்படிங்க? அம்மி இல்லாம? ஜோடியைப் பிரிச்சா பயணம் அனுப்புவாங்க? நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தர் மட்டும் போற மாதிரி இருக்காது?"

அந்த யோசனை தரணிதரனுக்கு ஒரு கணம் இனித்தது. ஆனால் டிக்கெட்டில் பெயர் மாற்ற முடியாது என்பது ஞாபகம் வந்தது. "முழு ஆளுன்னு நீங்கதான் சொன்னீங்கப்பா," என்றாள் சுலக்ஷனா, புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

எடை தெரியாமல் பேசிப் பயனில்லை. அம்மியையும் குழவியையும் சாக்கில் கட்டி, வாட்ச்மேனின் உதவியோடு கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குக் கொண்டுபோனார். மத்தியானக் கொழுந்தோடு வரிசையில் நின்ற பெண்கள் வழிவிட்டார்கள். சாக்குக்குள்ளிருந்து அம்மி தலைகாட்டியதும் மடுவமே எட்டிப் பார்த்தது. முன்னால் நின்ற வீரம்மாதான் வாய் திறந்தாள்.

"கிளாக்கரையா, எங்க கொழுந்துக்குள்ள ஒரு கல்லு கெடந்தா அரைப் பேரு போட்டு அரை நாள் சம்பளத்தை வெட்டுவீங்க. நீங்க கொழுந்தே இல்லாம கல்லை மட்டும் கொண்டாந்திருக்கீங்களே?"

"இது வேற விசயம், வீரம்மா."

"என்ன விசயங்க?"

"இது இந்தியாவுக்குப் போகுது."

"அது சரி. எங்களுக்குத்தான் இன்னும் ஒண்ணும் வழி பொறக்கல," என்றாள் வீரம்மா. வரிசை முழுவதும் சிரித்தது. தராசு முள் முப்பதைத் தாண்டிப் போய் நின்றது.

ஆபீஸுக்கு வந்து விமானக் கம்பனியின் விதிகளைப் படித்தார். கல்லைக் கைப்பையில் கொண்டுபோக அனுமதியில்லை. பெட்டியாகத்தான் ஏற்ற வேண்டும், கிலோவுக்கு இவ்வளவு. பெருக்கிப் பார்த்து, பெருமூச்சு விட்டு, வீட்டுக்குப் போன் போட்டார்.

"போகும்போது மட்டும் கொண்டுபோவோம். வரும்போது அங்கேயே எங்கேயாவது வச்சிட்டு..."

"எதை?"

"அம்மியை."

"அக்காவையா? அந்நிய ஊர்ல விட்டுட்டு மூணு பேரா வர்றதா? நல்லா இருக்குங்க உங்க நியாயம்! அப்புறம், திருச்சியில இருக்க சித்தப்பா வீட்டுக்கும் பெரியம்மா வீட்டுக்கும் குடுக்கத் தேத்தூளு பத்துக் கிலோ இருக்கு. அது யார் பையில போகுது?"

தரணிதரன் கணக்கு மெஷினைத் தட்டினார். அம்மி போக. அம்மி வர. தேயிலைத் தூள். கூட்டினார். எண்ணைப் பார்த்தார். மெஷின் பழுதென்று நினைத்து வேறொன்றை எடுத்துத் தட்டினார். அதுவும் அதையே சொன்னது. அம்மிக்கு ஆகும் கட்டணம் நாகலெட்சுமிக்கு ஆகும் கட்டணத்தைவிட அதிகம்!

"என்ன அநியாயம்! உசிர் உள்ள மனுசியைவிட உசிர் இல்லாத கல்லுக்குக் கூடவா? கல்லுக்குச் சோறும் கிடையாது, சீட்டும் கிடையாது!" என்று தனியாகவே கத்தினார்.

கத்தி முடித்ததும் மூளை வேலை செய்தது. நாகலெட்சுமி வந்தால் அம்மி வேண்டாம். அவள் டிக்கெட்டோடு முப்பது கிலோ சும்மா வருகிறது. தேயிலைத் தூள் அதில் போய்விடும். ஆக, அவளைக் கூட்டிப் போவது செலவே இல்லை. சுத்த லாபம்! விலை ஏறுவதற்குள் என்று டிக்கெட்டை வாங்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். "நல்லா யோசிச்சுப் பார்த்தேன். கல்லு, கில்லு எல்லாம் மூட நம்பிக்கை. அக்காவையே கூட்டிப் போறதுதான் சிக்கனம்."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றாள் ஜீவராணி.

கல்யாணமாகிப் பதினேழு வருடங்களில் அவள் அந்த வாக்கியத்தைச் சொன்னதே இல்லை. அப்போதாவது அவர் விழித்திருக்க வேண்டும். சிக்கனம் கண்ணை மறைத்தது.

ஞாயிறன்று நாகலெட்சுமி டியூட்டி முடித்து வெள்ளைச் சேலையோடு அப்படியே வந்தாள். கைபேசியில் டிக்கெட்டைக் காட்டியதும் தன் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்தாள். திரும்பவும் படித்தாள். "என் பேர்தானா தம்பி இது?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். தரணிதரனுக்கே ஒருமாதிரியாகிவிட்டது. அவர் ஏதோ பெருந்தன்மையாகச் சொல்ல வாயெடுத்தார். அவள் முந்திக்கொண்டாள்.

"பிளேன் கெளம்புறப்ப பயமா இருந்தாச் சொல்லிருங்க தம்பி. நீங்க பொத்துன்னு விழுற ஆளு."

கடைசியில் அந்த நாளும் வந்தது. மலிவு டிக்கெட்டுக்குக் கிடைத்த சீட்தான் விதி என்று விமானத்தில் தெரிந்தது. தரணிதரன், முழங்கைகளை மிகத் தாராளமாகப் பயன்படுத்தும் இரண்டு வியாபாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டார். முன் வரிசையில் நாகலெட்சுமிக்கு ஜன்னல். சலுகை டிக்கெட்டாயிருந்தும், எதிர்பாராத அதிர்ஷ்டத்தில், பக்கத்தில் ஜீவராணி. அதற்கும் பக்கத்தில் சுலக்ஷனா. மேகத்துக்கு மேலே போனதும் நாகலெட்சுமிக்கு மட்டும் தட்டு வந்தது. மூடியைத் திறந்தாள். கோழி வாசனை வரிசை வரிசையாகப் பின்னோக்கி நகர்ந்தது. மூன்று பெண்களும் அதைப் பங்குபோட்டுக்கொண்டார்கள். தரணிதரன் தண்ணீரின் விலையைக் கேட்டுவிட்டு, தாகம் இல்லை என்றார்.

"இது எங்க தங்கச்சி வீட்டுக்காரரு," என்று நாகலெட்சுமி தட்டு கொடுத்த பெண்ணிடம் அவரைக் காட்டிச் சொல்லத் தொடங்கினாள். "இவரு மகளுக்கு நான்தான் பிரசவம் பார்த்தேன். அன்னைக்கு..."

காதைப் பொத்திக்கொள்ள இடமில்லாமல் தரணிதரன் குனிந்தார். காலடியில் நீலப் பை. அதில் மஞ்சள் நூலால் தைத்த மயில். மயிலுக்குக் கீழே 'கதிர்காமம்'. அதையே உற்றுப் பார்த்தார். போன வருடம். மூன்று பேர். பஸ்ஸில் போய், பஸ்ஸில் வந்தார்கள். கல்லும் இல்லை, கில்லும் இல்லை!

பெல்ட்டோடு எழப் பார்த்து, முடியாமல், முன் சீட்டைப் பிடித்து உலுக்கினார்.

"ஜீவராணி! போன வருசம் கதிர்காமத்துக்கு மூணு பேராத்தானே போனோம்? அப்ப மட்டும் ஏன் ஒண்ணும் சொல்லல?"

ஜீவராணி கோழிக் காலைக் கடித்து முடித்து, விரலைத் துடைத்துக்கொண்டு, திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப அக்காவுக்கு லீவு கிடைக்கலைங்க."